அத்தானின் கண்

அத்தான் விரலைச் சட்டென்று உயர்த்தமாட்டார். பந்து காலில் பட்டதும் போட்டவன் தொண்டை கிழியக் கத்துவான். அத்தான் காது கேளாதவர்போல நிற்பார். வாயில் கிடக்கும் இனிப்பை மற்றக் கன்னத்துக்கு மாற்றுவார். பிறகுதான் விரல் மேலே போகும், அல்லது தலை ஆடும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சில்க்போர்க் நகரில் கோடைதோறும் நடக்கும் எங்கள் தமிழர் கிரிக்கெட் போட்டியில், துடுப்பெடுத்தாடும் அணியிலிருந்தே ஒருவர் நடுவராக நிற்பது வழக்கம். அதனால் சண்டையும் வழக்கம். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு தரப்பும் என் அக்காவின் கணவரைத்தான் கேட்கும். ஒருமுறை என்னையே ஓட்டமின்றி வெளியே அனுப்பினார். அக்கா வீட்டில் இனிச் சாப்பிடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போனேன். அடுத்த நாள் நண்டுக்கறியோடு அவரே என் வீட்டு வாசலில் நின்றார். அவுட் அவுட்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் கிரிக்கெட் கழகத்தை நடத்துகிறவர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போதெல்லாம் அணி என்றால் இந்த ஊரில் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். இன்றைய செயலாளர் கைபேசியில் காணொளி பார்த்து ஆள் பிடிக்கிறார். ஜெர்மனியிலிருந்து ஒருவன், லண்டனிலிருந்து ஒருவன். வெள்ளிக்கிழமை வந்து இறங்குவான், ஞாயிறு கிளம்பிவிடுவான், எங்களில் ஒருவரின் பெயரும் அவனுக்குத் தெரியாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறார்கள். கேட்டால், திறமைக்குத்தான் இடமாம். திறமையாம், மண்ணாங்கட்டி.

போன கோடையில் ஆட்களோடு ஒரு மெஷினையும் கொண்டுவந்தார்கள். முக்காலியில் ஒரு கமரா, மேசையில் ஒரு டப்லெட். பந்து ஸ்டம்பில் படுமா படாதா என்று அது கோடு போட்டுக் காட்டும். செயலாளர் அத்தானிடம் நேரே வந்து சொன்னார்: "அண்ணை, நீங்கள் நடுவில நில்லுங்கோ. ஆனா இது சொல்லுறதுதான் முடிவு." அத்தான் ஓம் என்றார். நான்தான் அந்த முக்காலியை முறைத்துக்கொண்டு நின்றேன்.

இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவர். எதிரணியான ஓகூஸ் நகரத்துப் பெடியன் ஒருவன் போட்ட பந்து, எங்கள் அணிக்காக லண்டனிலிருந்து வந்தவனின் காலில் பட்டது. நேர் பந்து. எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே தெரிந்தது. அத்தான் விரலை உயர்த்தினார். லண்டன்காரன் டப்லெட்டைக் கை காட்டினான். கோடு ஸ்டம்புக்கு மேலால் போனது. எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். அத்தான் விரலை மடக்கி, அந்தப் பெடியனின் பக்கத்தில் போய்ச் சொன்னார்: "குறை நினைக்காதையும் தம்பி. என்ர கண் பிழைச்சுப்போச்சு." கோப்பை எங்களுக்கு வந்தது. நான் கை தட்டவில்லை.

பிழை எங்கே என்று அடுத்த வாரம் தெரிந்தது. நாங்கள் விளையாடுவது கால்பந்துத் திடல். பின்னால் கார் நிறுத்துமிடம் இருப்பதால் ஆடுகளப் பாயை எப்போதும் அளவைவிடக் கட்டையாகத்தான் விரிப்போம். மெஷினுக்கோ முழு நீளத்தைக் கொடுத்திருந்தார்கள். ஸ்டம்ப் இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்து, எழும்பி வந்த பந்தை அது மேலால் அனுப்பிவிட்டது. செயலாளர் இதை வாட்ஸப் குழுவில் பகிடியாகப் போட்டார், சிரிக்கும் முகங்களோடு. நான் நாக்கைப் பிடுங்குகிறமாதிரி நாலு கேள்வி எழுதிவிட்டுக் குழுவைவிட்டு விலகினேன்.

அத்தானிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று. அவர் நம்பவில்லை, நான் தன்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்தார். அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். அக்கா வற்புறுத்திக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அத்தான் தலையாட்டிவிட்டு வந்து கார்த் திறப்பை அக்காவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டவில்லை.

போன கிழமை மூவரும் கடைக்கு நடந்து போனோம். தெருவைக் கடக்கும் இடத்தில் அத்தான் நின்றார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மறுபடியும் இடம் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"ஏதும் வருதோ, பாத்துச் சொல்லும்."

இரண்டு பக்கமும் தெரு வெறுமையாகக் கிடந்தது.