ராஜதுரையின் ‘ஆ’

“ஆ… தொறங்க, இன்னும் கொஞ்சம், ஆங், அசையாம நில்லுங்க!” என்று சொல்லி முடித்த கையோடு ராஜதுரையின் வாயும் அகலத் திறந்துவிடுகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தில் மோவாயை வைத்து நிற்பவரும் திறக்கிறார். இயந்திரம் தலையைச் சுற்றி வந்து நிற்கும்வரை இருவரும் ஆவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணக் கண் கோடி வேண்டும்!

சங்கரன்கோவிலில் பல், தாடை எக்ஸ்ரே எடுக்கும் சின்ன மையத்தில் பதினெட்டு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. தாடை மூட்டுக்கு இரண்டு படம் வேண்டும்: வாயை மூடி ஒன்று, திறந்து ஒன்று. திறப்பதில்தான் வம்பு. வலிக்குப் பயந்து பாதியிலேயே மூடிக்கொள்வார்கள். “நாம தொறந்தா அவங்களும் தொறப்பாங்க வே, கொட்டாவி மாதிரி” என்பார் ராஜதுரை. அவர் எடுத்த படத்தை மறுபடி எடுத்ததே கிடையாது.

தினமும் முப்பது தரம் திறந்து மூடினால் மூட்டு என்னத்துக்கு ஆகும்? ஒரு வருஷமாகவே காதோரம் ‘டக்’கென்று சத்தம். மனுஷன் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தில், கறித்துண்டைக் கடிக்கத் திறந்த வாய் மூடவே இல்லை. ஏதோ ஜெபம் சொல்லப்போகிறார் என்று நினைத்த போதகர், எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம்!

பல் டாக்டர் டெபோரா தாடையை அழுத்தி இறக்கிப் பொருத்தினார். மறுநாள் ராஜதுரையை அவருடைய இயந்திரத்திலேயே நிறுத்தினார்கள். மூன்று முறை படம் கெட்டது. உள்ளே நின்றுகொண்டே, “உயரத்தக் கூட்டு வே, பட்டன அமுக்கு” என்று உதவிப் பையனுக்கு உத்தரவு போட்டால் கெடாமல் என்ன செய்யும்? நாலாவதில் தெரிந்தது: வாய் திறக்கும்போது தாடையெலும்பின் குமிழ் குழியைத் தாண்டி முன்னால் ஓடுகிறது.

“சொல்லுதேன், கேளுங்க அண்ணாச்சி. கஞ்சி, இட்லி, சுடு ஒத்தடம். இனி அகலத் தொறந்தா மறுபடி மாட்டிக்கிடும், அப்புறம் ஆபரேஷன்தான். கொட்டாவி வந்தாக்கூட முஷ்டிய மோவாய்க்கு முட்டுக் கொடுங்க.”

“அப்போ என் வேல, டாக்டரம்மா?” என்று கேட்டவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டு வாரம் வாயை இறுக மூடிக்கொண்டு கைவிரலை விரித்துக் காட்டினார். ஒருத்தரும் ஒழுங்காகத் திறக்கவில்லை. பாதிப் படம் வீண்.

நேற்று கோமதித்தாய் வந்தாள். விசைத்தறி வேலைக்குப் போகிறவள். வாய்க்குள் ஒரு விரல்தான் போகும். பத்து நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர். “வலிக்கி அண்ணாச்சி, என்னால முடியாது” என்று அழுதாள்.

“முடியும் தாயி. என்னயப் பாரு.”

அவளை இயந்திரத்தில் நிறுத்திவிட்டு ராஜதுரை தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். முஷ்டியை மோவாய்க்கு அடியில் அழுத்தி முட்டுக் கொடுத்தார். கோமதித்தாய் அவரையே பார்த்தாள். அவள் வாய் ஒரு விரல் அளவு திறந்தது, ஒன்றரை ஆனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ராஜதுரையின் முஷ்டியும் மோவாயோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.