யாரும் தடுக்காத பந்து

என் அக்கா ப்ரிட்டா கல்லூரிக் கூடைப்பந்தில் போட்ட கடைசிக் கூடையைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். தீவனக் கடையில் பேசுகிறார்கள், சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது பேசுகிறார்கள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியையும் எழுதினால்தான் அவளைப் புரியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பண்ணை அயோவாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அப்பா பன்றி வளர்க்கிறார். டிராக்டர் கொட்டகையின் சுவரில் அவர் அடித்துவைத்த வளையத்தின் கீழேதான் ப்ரிட்டா வளர்ந்தாள். குளிர்காலத்தில் பனியை வாரித் தள்ளிவிட்டு, விரல் நுனி வெட்டிய கையுறையோடு எறிவாள். குளிரில் பந்து கல்லாகி எழும்பவே எழும்பாது. அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டாள், சும்மா எறிந்துகொண்டே இருப்பாள். பதினைந்து வயதில் அப்பாவைவிட உயரம். மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட மேல் தட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்வார்கள்.

பள்ளி அணியை மாநிலப் போட்டி வரை கொண்டுபோனாள். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். இருந்தாலும் பேருந்து திரும்பும்போது ஊர் எல்லையில் தீயணைப்பு வண்டி காத்திருந்தது. விளக்கு சுழல, சைரன் ஊத, முன்னால் போனது.

"தோத்ததுக்குமாப்பா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"வண்டிய ஏற்கெனவே கழுவிட்டாங்க," என்றார் அப்பா.

பெரிய கல்லூரி எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி கூப்பிட்டது, போனாள். முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த வருடம் முதல் ஐவரில் ஒருத்தி ஆனாள். ஒமாஹாவிலிருந்து வந்த டமாரிஸ் அவளுடைய அறைத்தோழி, அணித்தோழியும்கூட. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவைப் பற்றிப் புகார் சொல்வாள்.

"உங்க அக்காவுக்குக் கோவமே வராதாடீ? போன வாரம் ஒருத்தி முழங்கையால மூக்குல விட்டா. இவ சாரிங்கறா. மூக்கு இவளோடது."

"ரத்தம் அவ சட்டையில பட்டுடுச்சு," என்றாள் ப்ரிட்டா.

கடைசி வருடம், நவம்பரில், யாரும் தொடாமலேயே அவளுடைய முழங்கால் மடங்கியது. உள்ளே இருக்கும் நார் அறுந்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. தையலுக்குப் பக்கத்தில் ஒரு கையகலம் தோலுக்கு உணர்வே போய்விட்டது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "கிள்ளு. நல்லாக் கிள்ளு," என்பாள். கிள்ளிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் ஒன்றும் இருக்காது.

வீரர்களின் காயங்களைப் பார்த்துக்கொள்பவர் வெண்டல். ஒருநாள் நான் கூட இருக்கும்போது அவர்தான் விஷயத்தைச் சொன்னார். கல்லூரியில் ஒருவருக்கு, வருடத்துக்கு ஒன்றாக, நான்கு பருவம்தான் ஆட்டம். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டு உட்கார்ந்தவர்கள் அந்தப் பருவத்தைத் திருப்பிக் கேட்கலாம். ப்ரிட்டாவுக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார். "இனி இந்தப் பருவம் முடியற வரைக்கும் ஆட்டத்துக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது. ஒரு நொடி வெச்சாலும் அடுத்த வருஷம் போச்சு. கோச்கிட்ட நீயே பேசிடு."

"பேசறேன்," என்றாள். பேசவில்லை.

அப்பா அம்மாவிடம் அடுத்த வருடம் ஆடலாம் என்று மட்டும் சொன்னாள். அப்பாவுக்கு அது போதும். "அப்ப சீட்டை மாத்திக்கணும். இப்ப இருக்கற இடத்துல தூண் பாதி மறைக்குது," என்றார். மறுநாளே கல்லூரிக்குப் போன் போட்டு வேறு சீட்டு கேட்டு வைத்தார்.

பிப்ரவரிக் கடைசியில், சொந்த மைதானத்தின் இறுதி ஆட்டம் கடைசி வருடப் பெண்களுக்கானது. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு நடு மைதானம் வரை நடந்து பூ வாங்கிக்கொள்வார்கள். அடிபட்டவள் இருந்தால் இன்னொன்றும் செய்வதுண்டு. இரண்டு அணியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் அப்படியே நிற்பார்கள், அவள் நடந்துபோய் ஒரு கூடை போடுவாள். பதிலுக்கு எதிரணியையும் ஒன்று போட விடுவார்கள். அதன் பிறகுதான் நிஜ ஆட்டம்.

அந்த வருடம்தான் கோச் டெம்ப்ஸி கல்லூரிக்கு வந்திருந்தார். அதற்கு முன் இருபது வருடம் பள்ளி அணிகளைப் பார்த்தவர். பள்ளியில் இப்படி ஒரு கூடை போட்டால் யாருக்கும் எதுவும் போகாது. எதிரணியோடு பேசி வைத்துவிட்டு, ப்ரிட்டாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் இருந்துவிட்டார். வெண்டல் அன்று ஆண்கள் அணியோடு வெளியூர் போயிருந்தார்.

அன்று மட்டும் குடும்பங்களுக்கு முதல் வரிசை. பெஞ்சுக்கு நேர் பின்னால் நான் இருந்தேன். கோச் வந்து ப்ரிட்டாவின் தோளைத் தொட்டார்.

"ஜாக்கெட்டைக் கழட்டும்மா. நீதான் ஆரம்பிக்கற."

"என்னால ஆட முடியாது கோச்."

"யார் உன்னை ஆடச் சொன்னா? நட, போதும். ஒருத்தியும் கிட்ட வர மாட்டா. பேசிட்டேன்."

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அப்பா கையில் பூவோடு அழுதுகொண்டிருந்தார். ப்ரிட்டா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"பிடி."

"அக்கா, அடுத்த வருஷம்."

"தெரியும்டீ," என்றாள்.

இரும்புக் கட்டு போட்ட காலோடு உள்ளே நடந்தாள். டமாரிஸ் பந்தைக் கையில் கொடுத்தாள். ப்ரிட்டா கூடைக்குக் கீழே போய் நின்றாள். நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டல் ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

"போட்டுடு ப்ரிட்டா. வயசாகுது எனக்கு," என்றாள் டமாரிஸ்.

போட்டாள். பந்து வலையில் விழுந்து தரையில் ஒருமுறை எழும்பியது. எதிரணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ப்ரிட்டா அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, என்னிடமிருந்து ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். ஊரார் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு ப்ரிட்டா வீட்டில் இருந்தாள். மத்தியானம் கோச்சின் கார் வந்தது. உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் சேர்த்துச் சுட்ட ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோவார்கள். மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"வெள்ளிக்கிழமைதான் ஆபீஸ்ல சொன்னாங்க. இருபது வருஷமா கோச். எனக்குத் தோணவே இல்ல. உன் வருஷத்த நான் எடுத்துட்டேன் ப்ரிட்டா."

அப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது.

"எனக்கு முன்னாடியே தெரியும் கோச்," என்றாள் ப்ரிட்டா.

"என்ன தெரியும்?" என்றார் அப்பா.

"உள்ள போனா அடுத்த வருஷம் இல்லன்னு. வெண்டல் சொன்னாரு."

"தெரிஞ்சுமா போன?"

ப்ரிட்டா முட்கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜாக்கெட்டைக் கழட்டச் சொன்னப்போ, உள்ள போக மாட்டேன்னு அடிச்சுச் சொல்ல மனசு வரும்னு பார்த்தேன்பா. வரல. எல்லாரும் கத்தறாங்க, பாப்கார்ன் வாசனை வருது, எல்லாமே இருக்கு. ஆடணும்ங்கறது மட்டும் இல்ல. கூடைக்குக் கீழ நின்னும் பார்த்தேன். இனி அந்த ஆசை வந்தும் ஆகப் போறது ஒண்ணுமில்ல. ஆனா அப்பவும் வரல. சரின்னு போட்டுட்டேன்."

கோச் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"முட்டி போறதுக்கு முன்னாடியே இருக்கும். கவனிக்கல."

"இப்ப வருத்தமா இருக்கா?"

"அதுவும் தெரியல கோச். நீங்க உங்க தப்புன்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. சாப்பிடலாம், பசிக்குது."

அம்மா தட்டுகளை எடுத்துவைத்தாள். அப்பா மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். கோச் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது தட்டை எங்களிடமே விட்டுப் போனார்.

ப்ரிட்டா இப்போது சூ சிட்டியில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். கடைத்தெருவில் யாராவது கையைப் பிடித்து அந்தக் கூடையைப் பற்றிப் பேசினால் நின்று கேட்பாள், நன்றி சொல்வாள். கல்லூரி ஆட்டம் பார்க்கப் போவதில்லை.

அப்பா போகிறார். கேட்டு வைத்திருந்த சீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே உட்காருகிறார். மறைகிற பக்கம் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்கிறார்.