செம்மலின் செருப்புக் கணக்கு

வாசலில் குனிந்து செருப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் செம்மல். இருபத்தெட்டு ஜோடி. கட்டைவிரல் நகத்தால் உள்ளங்கையில் கீறிக் குறித்துக்கொள்கிறார். பார்ப்பவர்கள் செருப்புத் திருடன் என்றே நினைப்பார்கள். மனிதர் பார்ப்பதோ கம்ப்யூட்டர் வேலை.

ஒரு கட்டடத்துக்குள் வரும் இணையம் முழுவதும் நுழைந்து வரவேண்டிய சின்ன சர்வரைப் பொருத்துவது அவர் பிழைப்பு. அதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேட்டால் மற்றவர்கள் எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என்று வாய்க்கு வந்ததை அடித்துவிடுவார்கள். செம்மல் எண்ணாமல் வாய் திறக்கமாட்டார். "ஆளக் கேட்டா கூட்டியோ கொறச்சோ சொல்லுவாங்க. செருப்ப எண்ணு, ஜோடிக்கு ரெண்டு போனுன்னு வெச்சுக்க, மேல பாதி சேத்துக்க. தீந்துச்சு." பொருத்திய சர்வரைப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

கருவடிக்குப்பத்தில் கார்குழலி நடத்தும் பயிற்சி மையத்துக்கும், மாதிரித் தேர்வன்று இந்த இருபத்தெட்டை எண்ணித்தான் இரண்டு ஜிபி போட்டார்.

"நாலாப் போட்டுடலாமே, செம்மல்?"

"எதுக்குக்கா? ரெண்டே தாராளம்."

சனிக்கிழமை நிஜத் தேர்வு. செவிலியர் வேலைக்கு இருபத்தாறு பெண்கள் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார்கள். இணையம் அறுந்து பத்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் அத்தனை பேருக்கும் இந்த வருடம் போச்சு. செம்மல் காலையிலேயே வந்து எண்ணினார், அதே இருபத்தெட்டு. ஆனால் இருபதாவது நிமிடத்தில் எல்லாத் திரையும் ஒரேயடியாக நின்றது.

சர்வரின் நினைவகம் நிரம்பிக் கிடந்தது. பட்டியலில் நூற்று முப்பது கருவிகள். செம்மல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மாதிரித் தேர்வுக்குத் தனியாக வந்த பெண்களோடு இன்று அம்மா, சித்தி, அண்ணன் என்று குடும்பமே வந்து முற்றத்தில் நின்றது. ஆளாளுக்குக் கையில் போன். பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று வைஃபை கடவுச்சொல்லைச் சொன்னதே கார்குழலிதான். வெளியே நிற்பவர்கள் ஏன் செருப்பைக் கழற்றப்போகிறார்கள்? கடவுச்சொல்லை மாற்றினால் உள்ளே இருபத்தாறு மடிக்கணினியிலும் புதிதாகப் போடவேண்டும், பத்து நிமிடம் போதாது.

"உங்க மேல ஒண்ணுமில்லக்கா. தப்பு என்னுது," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

"உள்ள பரிச்ச நின்னு போச்சும்மா. நான்தான் கொறச்சு கணக்குப் போட்டுட்டேன். எல்லாரும் போன ஆஃப் பண்ணிடுங்க."

ஒருவரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாரும் போனை அணைக்க, அஞ்சலாட்சி என்ற தாய் மட்டும் தன் போனை அவரிடம் நீட்டினார்.

"எனக்கு எடுத்துப் பேச மட்டுந்தான் தெரியும் தம்பி. எம்பொண்ணு உள்ள இருக்கா."

செம்மல் வாங்கி அணைத்தார். ஏழாவது நிமிடம் ஜன்னலிலிருந்து கார்குழலியின் குரல் வந்தது. "வந்துடுச்சு, செம்மல்."

தேர்வு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அஞ்சலாட்சி போனைத் திருப்பிக் கேட்கவில்லை. செம்மலும் உள்ளே போகவில்லை. அணைந்த போனை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு, அந்தத் தாய்மார்களோடு வெயிலிலேயே நின்றார்.