கதவு திறக்காத கேரவன்

புருஷன் பரீது கேரவன் வாங்கிய செய்தி தென்காசியில் பரவியபோது, சாஜிதாவுக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்த மனுஷர், லீவில் வந்த இடத்தில், ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற தகர வீடு ஒன்றைச் செங்கோட்டைப் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டு வந்து நின்றார். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், இனிமேல் கடல் தாண்ட வேண்டாம் என்பது அவர் ஆசை.

சாஜிதா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். முதல் பார்ட்டி நல்லபடியாகத் தங்கிப் போனால் ஊரில் இருங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுங்கள். திரும்பிப் போகிற விசா அன்றோடு முடிகிறது. மகள் காலேஜில் படிக்கிறாள், ஆசையை வைத்து அடுப்பு எரிக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து முதல் குடும்பம் வருவதாக ஏற்பாடு. பழைய குற்றாலம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினார்கள். பின்னால் எடுக்கத் தெரியாமல் ஜீப்பும் கேரவனும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியது தனிக்கதை. நின்ற இடமோ சரிவு. பரீது கேரவனின் நாலு மூலையிலும் இருந்த ஜாக்கிகளைத் திருகித் திருகி, பள்ளமான பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கினார். அடியில் ஒரு பலகைகூட வைக்கவில்லை. இருவரும் உள்ளே படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது சாரல் பிடித்தது. கதவைச் சாத்தினார்கள். ஈர மண்ணில் ஒரு ஜாக்கி மெல்ல இறங்க, கேரவன் மொத்தமும் முறுக்கிக்கொண்டது. சட்டம் கோணி இறுகியதில் கதவு அசையவில்லை.

பரீது தள்ளினார், உதைத்தார், தோளால் இடித்தார். கடைசியில் பட்டறைக்காரர் செந்தில்வேலுக்குப் போன் போட்டார்.

“அண்ணாச்சி, ஜாக்கிய வச்சா தூக்குனீய? அது வண்டி ஆடாம நிக்கதுக்குல்லா! டயருக்கு அடியில பலக குடுத்துல்லா சமம் பாக்கணும். யாரையும் ஜாக்கில கைவைக்க விடாதீய, சரிஞ்சிரும். சன்னல் வழியா வெளிய வந்திருங்க. நான் வாரேன்.”

சன்னல் வழியாக எப்படி வருவது? பட்டறையில் கம்பி வைக்காமல் கொடுத்த சன்னல்களுக்கெல்லாம், கள்ளன் வந்தால் என்ன செய்வது என்று உள்ளூர் வெல்டரைப் பிடித்து இரும்புக் கம்பி அடித்தவளே சாஜிதாதான்.

மதுரைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கம்பிக்குள்ளே நின்று வரவேற்ற முதலாளியைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெற்றவர்கள் சிரிக்கவில்லை. கார் வந்த வழியே திரும்பிப் போனது.

“சரிட்டி, வெள்ளிக்கிழம கெளம்பிருதேன்” என்றார் பரீது. சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

சீசன் கூட்டத்தில் செந்தில்வேல் வந்துசேர நேரமாகும். சாஜிதாவுக்கு மூச்சு முட்டியது. எழுந்தால் அடுப்பு இடித்தது, திரும்பினால் சுவர் இடித்தது. ஒரு மணி நேரத்திலேயே அவளுக்குக் கத்தி அழ வேண்டும்போல இருந்தது. அவரோ சுவரைப் பார்த்துத் திரும்பி, முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக் கிடந்தார். லீவில் வரும்போதெல்லாம் வீட்டுப் பெரிய கட்டிலிலும் அவர் அப்படித்தான் படுப்பார். தன்னைத் தொடப் பிடிக்காமல் ஒதுங்குகிறார் என்று அவள் இத்தனை வருஷமும் மனதுக்குள் குமைந்திருக்கிறாள்.

“ஏன் இப்படிச் சுருண்டு கெடக்கீய? கால நீட்டுனா என்ன?”

“அங்கன இந்த அளவு ரூம்ல எட்டுப் பேருட்டி” என்றார் கண்ணைத் திறக்காமலே. “நீட்டுனா அடுத்தவன் தலையில இடிக்கும். பழகிட்டு.”

தன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியாத இடத்துக்கு இந்த மனுஷரைத் திரும்பத் திரும்ப அனுப்பிவைத்தது தான்தானே என்று நினைத்தாள். அவர் முதுகில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

செந்தில்வேல் வந்து ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. பரீது நடந்ததையெல்லாம் சொன்னார்.

“அண்ணாச்சி, பயணம் வெள்ளிக்கிழமல்லா? வண்டிய நானே திருப்பி எடுத்துக்கிடட்டா?”

பரீது தலையாட்டப் போனார். சாஜிதா முந்திக்கொண்டாள்.

“அவுக எங்கனயும் போவல.”