யோசுவா பாடினால் இறங்கும் ஷட்டர்

யோசுவா வாயைத் திறந்து பாடினால், முக்கில் டீக்கடை வைத்திருக்கும் பொன்னப்பன் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கோபத்தினால் அல்ல, மரியாதைக்கு. ஊரில் சாவு விழுந்தால் கடையைப் பாதி அடைக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. போஸ்டர் ஒட்டி, மைக் கட்டி ஊருக்குத் தெரிவிப்பதெல்லாம் பிறகுதான். முதல் சேதி யோசுவாவின் தொண்டையிலிருந்து வரும்.

ஆள் என்னவோ பாவம்தான். பாறசாலையிலிருந்து காலை ரயிலைப் பிடித்து நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போய்வரும் வக்கீல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் கேஸ் கட்டு. ஆனால் மிஷன்காரர்கள் கட்டின அந்தப் பழைய கோயிலில் அடக்க ஆராதனை என்று ஒன்று நடந்தால், முன்னால் நின்று பாடுவது இருபத்தைந்து வருஷமாக அவர்தான். அவர் மூன்றாவது சரணத்துக்கு வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஆண்கள் ஒதுங்கி நடுவில் வழி விடுவார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்குவார்கள். கோயில் ஊழியர் ஜெயதாஸ் வெளியே மணியை ஒவ்வொன்றாக, விட்டு விட்டு அடிப்பார். அதுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தவர்களும் அந்த இடத்தில் அழுதுவிடுவார்கள்.

வார்த்தையைக் கேட்டு அழுகிறார்களா? சும்மா இருங்கள். முன்வரிசையில் மூக்கைச் சிந்துகிறவர்களிடம் பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அந்தச் சபையின் பாட்டுப் புத்தகத்தில் வார்த்தை மட்டும்தான் உண்டு. அதற்கு எந்த ராகத்தை ஏற்றுவது என்பது பாடுகிறவர் பாடு. யோசுவாவின் வாய்க்குப் பழகினது ஒன்றே ஒன்று. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்.

அந்த ராகம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். அவருடைய தகப்பனாரின் அடக்கத்தன்று, பாட வேண்டியவர் பஸ் கிடைக்காமல் எங்கேயோ நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் இவர் எழுந்து வாயைத் திறந்தார். வந்தது.

“கர்த்தரு நேரா எனக்க தொண்டையில ஊத்தினதாக்கும்” என்பார், கழுத்தைத் தொட்டுக் காட்டி. அவர் மனைவி விமலகுமாரி இதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அங்கே அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஊரே அழுகிற அந்த ராகத்துக்கு அழாத ஆள் ஒருத்தி உண்டு. அது வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள் ஜினி. அவளுக்குக் கொட்டாவி வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சொந்தச் சித்தி புஷ்பபாயின் அடக்கத்தில், முன்வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, சித்தியின் பிள்ளைகளோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. கல்நெஞ்சுக்காரி என்று பெயரும் வாங்கினாள்.

இப்போது அந்த ஜினிக்குக் கல்யாணம். அவள் திருவனந்தபுரத்தில் நர்ஸ். பையன் வினீத், அம்பூரியில் ரப்பர் தோட்டம் உள்ள வீடு. எல்லாம் பேசி முடித்த அன்று யோசுவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கோயில்ல கல்யாணப் பாட்டு நானாக்கும் பாடுவேன்” என்றார்.

விமலகுமாரி ஜினியைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க பாடாண்டாம்” என்றாள் ஜினி. “வினீத்துக்க அம்மைக்கு பிரஷர் உண்டு.”

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று அவர் சோறு உண்ணவில்லை. ஊரான் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் இந்தத் தொண்டை வேண்டும், பெற்ற பிள்ளையின் சந்தோஷத்துக்கு ஆகாதா? நான் என்ன, காக்கையா? ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஒரே மகளுக்கு. மறுநாள் காலையில் ஜினியே இறங்கி வந்தாள். புது ராகத்தில், துள்ளலாக, கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஷீனாவின் தாளத்தோடு பாடுவதானால் பாடலாம் என்றாள்.

ஒரு மாதம் பயிற்சி நடந்தது. அதை ஏன் கேட்கிறீர்கள்! முதல் வரி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளிக்கொண்டு கிளம்பும். மூன்றாவது வரியில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிவிடும். குளியலறையில் பாடிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மிணி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “அண்ணே, ஆராக்கும் மரிச்சது?” என்பாள். பொன்னப்பனோ இரண்டு தடவை ஷட்டரை இறக்கிவிட்டு, வீடு வீடாக விசாரித்து, ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் வடை ஆறிப்போன எரிச்சலோடு திரும்பினார். கடைசியில் ஷீனாதான் கரை சேர்த்தாள். கீபோர்டில் ஒரு தாளத்தைப் போட்டுவிட்டு, “மாமா, இதை விட்டு எறங்கவே செய்யாதிய” என்றாள். அந்தத் தாளம் ஓடுகிற வரைக்கும் அவர் ஒழுங்காகப் பாடினார்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும், யோசுவா கோட்டும் டையுமாக மைக்கைப் பிடித்தார். தாளம் கிளம்பியது. முதல் சரணம் அருமை. இரண்டாவது அதைவிட அருமை. அம்பூரிக்காரர்கள் கால் தட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தலையாட்டிச் சிரித்தாள். யோசுவாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்டாயா மகளே என்று ஜினியை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. மைக் செத்தது, தாளம் நின்றது. ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்ப ஆள் ஓடினான். யோசுவா நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாட்டை நடுவில் விடுகிற ஆளா அவர்? பாடிக்கொண்டே மூன்றாவது சரணத்துக்குள் காலை வைத்தார். பிடித்துக்கொள்ள ஒரு தாளம் இல்லாத தொண்டை, தனக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டது.

வார்த்தை என்னமோ திராட்சைக்கொடி, விருந்து, மங்களம் என்று கல்யாண வார்த்தைதான். யார் கேட்டார்கள் அதை? ராகத்தைக் கேட்டதும் சபை முழுக்க எழுந்து நின்றது. ஆண்கள் ஒதுங்கி நடுவில் வழி விட்டார்கள். பின்னாலிருந்த பொன்னப்பன் தோள் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். வெளியே ஜெயதாஸ், பழக்க தோஷம், மணியை அடித்தார். டங். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு டங். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

யோசுவாவுக்குக் கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரிந்தது. நிறுத்து, நிறுத்து என்று மனசு சொன்னது. சரணம் முடிந்த பிறகுதான் வாய் நின்றது. பிள்ளையின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனே கர்த்தாவே என்று செத்த மைக்கைக் கீழே இறக்கினார். பயந்து பயந்து மகளைப் பார்த்தார்.

மணப்பெண், கையிலிருந்த பூங்கொத்தால் வாயை மறைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர ஒரு பெரிய கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

விமலகுமாரி எழுந்து அவரிடம் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பாட்டு நின்ற அமைதியில் அது எல்லாருக்கும் கேட்டது.

“ஜினிக்க அப்பா, இது கர்த்தரு ஊத்தினது ஒண்ணும் இல்ல. இவ கைக்குழந்தையா ஒறங்காம கெடந்து கரைஞ்சு அழுதப்ப, நீங்க தொட்டில ஆட்டி ஆட்டிப் பாடினதாக்கும். உங்க அப்பா மரிச்ச அன்னைக்குக் காலையிலகூட பாடினிய. மறுநாளு கோயில்ல வாயைத் தொறந்தப்ப அதுதான் வந்தது.”

“பின்னே நீ ஏன் சொல்லல்ல?”

“கர்த்தரு தந்ததுன்னு அவ்வளவு பெருமையா நடந்திய. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?”

பின்னாலிருந்து பொன்னப்பன், துண்டைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே, “அப்போ இத்தனை வருஷமா இந்த ஊருல செத்தவங்களையெல்லாம் குமாஸ்தா சார் தொட்டில்ல போட்டு ஒறக்கிட்டா இருந்தாரு!” என்றார். கோயிலே சிரித்தது. போதகரும் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். யோசுவா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் அதை அடியோடு மறந்துபோயிருந்தார்.

ஜினி கண்ணைத் துடைத்தாள். அது கொட்டாவித் தண்ணீர் மட்டும் இல்லை. “அப்பா, நாலாவது சரணம் பாக்கி உண்டு. பாடுங்க. நான் ஒறங்க மாட்டேன்” என்றாள்.

கரண்டு வந்தது. ஷீனா கீபோர்டின் பக்கமே போகவில்லை. யோசுவா கடைசிச் சரணத்தைத் தன் ராகத்திலேயே பாடினார். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் சபை பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கேட்டது.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கோர்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அம்பூரியிலிருந்து ஜினி போன் செய்தாள். நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்திருக்கிறாள், புது வீடு, எவ்வளவு புரண்டும் உறக்கம் வரவில்லையாம்.

“ஒண்ணு பாடுங்கப்பா.”

யோசுவா வாசல்படியில் உட்கார்ந்து, போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு பாடினார். முதல் சரணம் முடிவதற்குள் முக்கில் ஷட்டர் கடகடவென்று பாதி இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மதிலுக்கு மேலே அம்மிணியின் தலை வந்தது.

“அண்ணே, இன்னைக்கு ஆராக்கும் போனது?”

யோசுவா போனைக் காதில் வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

“ஆரும் போவல்ல அம்மிணி” என்றார், குரலைத் தாழ்த்தி. “சத்தம் போடாதே. பிள்ளை ஒறங்குது.”