மாதனூரில் சாம்பல் புதன்

காலை ஏழு மணி. மாதனூர் நிறுத்தத்தில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பெண் நிற்கிறாள். நான் காட்பாடி பஸ்ஸுக்கு. இருவர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை. ஒரே பூசையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறோம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நோன்பு இருக்கறது வெளிய தெரியக் கூடாது, முகத்தைக் கழுவிக்கோன்னு நற்செய்தி வாசிச்சாங்க. வாசிச்ச கையோட ஃபாதர் ‘நீ மண்ணு, மண்ணுக்கே திரும்புவ’ன்னு நெத்தியில சாம்பல் பூசுறாரு. இது முரணா இல்லையாம்மா?”

“ஷூ தைக்கிறவளுக்கு இன்னா சார் தெரியும்?” என்று சிரிக்கிறாள். பிறகு யோசித்துச் சொல்கிறாள்: “என் நெத்தி என் கண்ணுக்குத் தெரியாதே சார். உங்க நெத்தியப் பாத்தாதான் நானும் மண்ணுதான்னு ஞாபகம் வருது.”

கம்பெனி பஸ் வருகிறது. படியில் ஏறியவள் திரும்பிப் பார்க்கிறாள். “உங்களுது அப்படியே இருக்கு சார். எனக்கு பத்து மணிக்குள்ள வேர்வையில போய்டும்.”

போன வருஷம்வரை இந்த நாளில், “இன்னும் இருக்கு”, “அழிஞ்சிடுச்சு” என்று சொல்ல என் மனைவி இருந்தாள்.

பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் நான் மட்டும். சாம்பல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை போகிறது. தொட்டால் அழிந்துவிடும். கையை இறக்கிக்கொள்கிறேன்.