விலாவோடு ஒட்டாத எலும்பு

அன்னக்கொடியின் புருசன் சோணைக்கு இரண்டு வேலை. ஒன்று, கீழமாசி வீதியில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குவது. இன்னொன்றை அவள் அவனியாபுரத்தில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் சட்டையில்லாமல் நிற்கிற வேலை அது.

எழுபத்தேழிலோ எட்டிலோ ஆரம்பித்தது. அவளுடைய அண்ணன் மலையாண்டி டாக்டர் காலேஜில் பியூன். பிணத்தை அறுத்துப் படித்த பிள்ளைகளுக்கு, உயிருள்ள உடம்பில் தோலுக்கடியில் எது எங்கே இருக்கிறதென்று வரைந்து காட்ட ஒரு ஆள் வேண்டும், சதை தனித்தனியாகத் தெரிகிற ஆளாக இருக்க வேண்டும் என்று புரொபசர் கேட்டாராம். மலையாண்டி நேரே மண்டிக்கு சைக்கிளை விட்டார். “மாப்ள, சும்மா நின்னாப் போதும்” என்று சொல்லிக் கூட்டிப் போனார்.

முதல் நாள் சோணை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அன்னக்கொடி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே போட்டுவிட்டாள். மார்பு, முதுகு, கை எல்லாம் சிவப்புக் கோடு, நீலக் கோடு, மஞ்சள் கோடு. சிவப்பும் நீலமும் ரத்தக் குழாய், மஞ்சள் நரம்பு என்று அவன் விளக்கினான். அவளுக்கு அதுவா முக்கியம்? வரைந்தது ஆம்பளைப் பிள்ளைகளா, பொம்பளைப் பிள்ளைகளா என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றான். அன்றைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கோட்டோடு தோலும் வந்துவிடும் போலிருந்தது.

ஆனால் போகப் போக அந்த நாட்களை அவளே எதிர்பார்க்க ஆரம்பித்தாள். மண்டியிலிருந்து வருகிற சோணை சோற்றைத் தின்றுவிட்டுச் சாய்ந்துவிடுவான். காலேஜிலிருந்து வருகிற சோணை பேசுவான். முட்டிக்கு முன்னாலிருக்கிற சில்லு பிறந்த பிள்ளைக்கு எலும்பாகவே இருக்காதாம், குருத்துதானாம். ரத்தம் ஊறுவதே எலும்புக்குள்ளேதானாம். கையை மடக்கி முண்டாவைக் காட்டி, “சதைக்கு இழுக்கத்தான் தெரியுமாம் புள்ள, தள்ளத் தெரியாதாம். மடக்குறதுக்கு இது இழுக்கும், நீட்டுறதுக்குப் பின்னாடி இருக்கிறது இழுக்கும்” என்பான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, அவள் தன் கையை மடக்கி நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவன் அவளிடம் அம்புட்டுப் பேசியது அந்தக் காலத்தில்தான்.

எண்பதில், பொங்கல் கழிந்த பிறகு, சோணை பரணிலிருந்து பானை எடுத்துத் தரச் சொன்னால் நாளை என்று சொல்லத் தொடங்கினான். சோம்பல் என்று நினைத்தாள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடித்தது சாயிரா பானு என்கிற பெண். முனிச்சாலைப் பக்கத்துப் பிள்ளை, ரொம்பக் கூச்சம், அதிகம் பேசாது என்று சோணை முன்பே சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவனைச் சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வலது தோள்பட்டை எலும்பு மட்டும் முதுகை விட்டுக் கோழி இறக்கை மாதிரி எழும்பி நின்றதாம். அந்தப் பெண் புரொபசரைக் கூப்பிட்டது. கழுத்திலிருந்து விலாப்புறம் இறங்குகிற ஒரு நரம்பு, வருசக் கணக்காகத் தோளில் மூட்டை அமுக்கி அமுக்கி மரத்துக் கிடக்கிறது. தானாகத் திரும்பி வரலாம், வருசம் ஆகும். இனி அந்தத் தோளில் பாரம் ஏற்றவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

மண்டி முதலாளி அப்துல் லத்தீப் நல்ல மனுசர். சோணையைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். கூட மூட்டை தூக்கியவர்கள் முதுகு வளைந்து போக, இவன் எடைக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அந்த வெட்கம் அவனைத் தின்றது. காலேஜுக்குப் போவதையும் விட்டுவிட்டான். வீட்டில் பேச்சு நின்றுபோனது.

அப்போதுதான் காலேஜிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த மாதிரி தோளைப் பிள்ளைகள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவை வந்து காட்ட முடியுமா என்று மலையாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“முன்னாடி நல்லா இருக்குன்னு காட்டுனீக. இப்பக் கெட்டுப்போனதக் காட்டணுமாக்கும்” என்றான் சோணை.

மலையாண்டி போன பிறகு அன்னக்கொடி அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “போவோம். நானும் வாரேன். எனக்கும் பாக்கணும்” என்றாள்.  மறுநாள் காலையில் அவன் குளித்துவிட்டு வந்து நின்றான்.

காலேஜில் பாடம் நடக்கிற அறையில் கம்பியில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். சோணை சுவரைத் தள்ள, அந்த எலும்பு எழும்பியது. எத்தனையோ தடவை அவள் எண்ணெய் தேய்த்த முதுகு. அது அவளுக்குத் தெரியாத முதுகாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. சாயிரா பானு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தொடலாமா என்று கேட்டுவிட்டு, அவள் முதுகிலேயே கையை வைத்துக் காட்டியது. “இந்த எலும்பு விலாவோட எங்கயும் ஒட்டலக்கா. சதைதான் அணைச்சுப் பிடிச்சு வச்சிருக்கு. அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மத்ததெல்லாம் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

அந்தக் கை குளிர்ந்திருந்தது. அன்னக்கொடிக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

பாடம் முடிந்ததும் சோணை சட்டையைப் போட்டபடி புரொபசரிடம், மண்டியில் தோள் வலிக்கிறதென்று சொல்லுகிற ஆட்கள் நிறைய, அவர்களையும் ஒரு எட்டு வந்து பார்க்கலாமே என்றான். அவர் வருவாரென்று யாரும் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்தே விட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாகக் குடோன் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சுவர் விழுந்தால் யார் கட்டித் தருவதென்று லத்தீப் கேட்க, தள்ளியவர்களும் சிரித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு எலும்பு எழும்ப ஆரம்பித்திருந்தது. அவர்களைத் தோள் மாற்றித் தூக்கச் சொன்னார்கள். சோணை அன்று ஒவ்வொருவராக நிறுத்தி, கையை இப்படி ஊன்று, அப்படி ஊன்று என்று சொல்லிக்கொண்டே இருந்ததை அன்னக்கொடி வாசலில் நின்று பார்த்தாள்.

அதன் பிறகு காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்த கைப்பயிற்சியை அவன் ஒழுங்காகச் செய்தான். தினமும் விடிந்ததும் பாயில் மல்லாந்து கையை மேலே நீட்டுவான். அவள் குனிந்து உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து அமுக்குவாள், அவன் எதிர்த்துத் தள்ளுவான். முதலில் கை பாதியிலேயே இறங்கிவிடும். அடுத்த சித்திரைத் திருவிழா வந்தபோது ஆற்றங்கரைக் கூட்டத்தில் சின்ன மகளைத் தூக்கி இடது தோளில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த சித்திரையில் வலது கையையும் தலைக்கு மேல் உயர்த்திக் கும்பிட்டான். எலும்பு முழுசாகப் படியவில்லை, ஆனாலும் கை வந்துவிட்டது.

மூட்டை மட்டும் பிறகு தூக்கவில்லை. தராசிலேயே இருந்து, பின்னால் அவனியாபுரத்தில் சொந்தமாக வெங்காயக் கடை போட்டான். சாயிரா பானு படிப்பு முடிந்து எந்த ஊருக்குப் போனதென்று தெரியவில்லை. சோணை காலமான பிறகு, அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அன்னக்கொடி கடையைப் பற்றிச் சொல்வதே இல்லை. கை சரியான பிறகும் ரொம்ப நாள் அவர் காலையில் கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருப்பாரு, நானும் ஒண்ணுஞ்சொல்லாமப் போயி அமுக்குவேன் என்பாள்.